சென்னையில் சைக்கிள்: பார்ட்ஸ், வீட்டுப் பராமரிப்பு, வெளிநாடு போகும்போது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் டீக்கு நிற்கும் இடத்தில், அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில், விசா கிடைத்த கையோடு வரும் போனில் என்று ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். எளிதானவை முதலில், வில்லங்கமானவை பின்னால். ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் திரும்ப எழுதாமல் கேள்வி எண்ணை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

1. ஆபீஸ் போய் வர ஒரு சைக்கிள் வாங்கணும். கியர் வேணுமா, வேண்டாமா?

சென்னை தட்டையான ஊர். பரங்கிமலையையும் மேம்பாலங்களையும் விட்டால் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இங்கே கியர் தேவைப்படுவது மேட்டுக்காக அல்ல, காற்றுக்காக. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிட்டால் மெரினா பக்கம் திரும்பும் எந்த ரோட்டிலும் எதிர்காற்றுதான். அதற்கு முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 7 அல்லது 8 இருந்தால் தாராளம்.

"21 கியர்" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் 21. அதில் பாதி ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே கியர். முன் டிரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) என்பது சரிசெய்ய வேண்டிய இன்னொரு பொருள், அவ்வளவுதான். தினம் 5 கிலோமீட்டருக்குள் என்றால் கியரே இல்லாத சைக்கிள் போதும். செயின் மட்டும் பார்த்துக்கொண்டால் வருஷக்கணக்கில் ஓடும்.

2. முன்னாடி சஸ்பென்ஷன் இருந்தா குழி தெரியாதுல்ல?

விலை குறைந்த சைக்கிளில் வரும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் உள்ளே இருப்பது வெறும் ஸ்பிரிங். எடை இரண்டு கிலோவுக்கு மேல். ஒரு ஐப்பசி மழைக்கு உள்ளே தண்ணீர் போய் துரு பிடித்து, அடுத்த சித்திரையில் அசையாத ஃபோர்க் ஆகிவிடும். எடை மட்டும் அப்படியே இருக்கும். குழியைத் தாங்க வேண்டியது டயர். 38 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர், சரியான காற்று, சாதாரண ஃபோர்க்: வேளச்சேரி ரோட்டுக்கே இது போதும்.

3. காத்து எவ்வளவு அடிக்கணும்? கல்லு மாதிரி இருக்கணும்னு சொல்றாங்களே?

கல் மாதிரி இருந்தால் கை வலிக்கும், மழையில் வழுக்கும். 70 கிலோ ஆள் என்றால் தோராயமாக: 25 மி.மீ. டயருக்கு 85 முதல் 95 பி.எஸ்.ஐ., 32 மி.மீ.க்கு 55 முதல் 65, 40 மி.மீ.க்கு 40 முதல் 50, இரண்டு அங்குல எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) டயருக்கு 30 முதல் 40. எடை அதிகமானால் கொஞ்சம் கூட்டுங்கள். உடம்பு எடை பின்னால்தான் அதிகம் விழுகிறது. அதனால் முன் சக்கரத்துக்கு ஐந்து குறைத்தே அடிக்கலாம். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம்.

மீட்டர் வைத்த நிற்கும் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை அடித்தாலே பாதி பங்க்சர் குறையும்.

4. பெட்ரோல் பங்க்ல காத்து அடிக்க முடியல. வால்வு மெல்லிசா இருக்கு, என்ன பண்றது?

அது பிரெஸ்டா வால்வு. மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன. ஸ்கூட்டர், கார் டயரில் இருக்கும் குண்டு வால்வு ஒன்று; பங்க் குழாய் அதில்தான் மாட்டும். பழைய கறுப்பு சைக்கிளில், உள்ளே வால் ட்யூப் ரப்பர் போட்டது இன்னொன்று. ரோடு சைக்கிள், ஹைப்ரிட் சைக்கிள்களில் பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா.

பிரெஸ்டாவில் நுனித் திருகைத் தளர்த்தி, ஒருமுறை அழுத்தி "புஸ்" சத்தம் கேட்ட பிறகுதான் காற்று ஏறும். பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி வால்விலேயே மாட்டிவைத்தால் பங்கிலும் அடிக்கலாம். ஆனால் அங்கே மீட்டரை நம்பாமல் விட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். சைக்கிள் ட்யூபில் இடம் குறைவு, இரண்டு வினாடி அதிகமானாலும் வெடித்துவிடும். பிரெஸ்டாவுக்குப் போட்ட ரிம் ஓட்டை 6.5 மி.மீ., குண்டு வால்வுக்கு 8.5 மி.மீ. குண்டு வால்வு ட்யூப் வேண்டும் என்று ஓட்டையைத் துளைத்துப் பெரிதாக்கச் சொல்லாதீர்கள், மெல்லிய ரிம் அந்த இடத்தில் பலவீனமாகும்.

5. டயர் சைஸ் 28-னு சொல்றார், 700-னு சொல்றார், 29-னு சொல்றார். எது எதுக்குப் பொருந்தும்?

அங்குலக் கணக்கை மறந்துவிட்டு டயர் ஓரத்தில் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள்: 32-622 என்பது போல. முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம். இரண்டாவது எண் ஒத்துப்போனால்தான் டயர் ஏறும். 700-ம் 29-ம் ஒரே 622தான். 27.5 என்பது 584. எம்.டி.பி. 26 என்பது 559. ஆனால் லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ என்பது 590. இரண்டுமே "இருபத்தாறு"தான், ஒன்று மற்றதில் ஏறாது. பெரியவர்கள் ஓட்டும் கறுப்பு சைக்கிளின் 28 × 1½ என்பது 635, அதை 700 ரிம்மில் போட முடியாது.

தெருமுனைக் கடையில் எப்போதும் கிடைப்பது 28-ம் 26-ம்தான். 622 வைத்திருப்பவர்கள் ட்யூபை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

6. பங்க்சர் நானே ஒட்டினா ஒரு நாள்ல விட்டுப் போயிடுது. கடைக்காரர் ஒட்டினா நிக்குது. ஏன்?

அவசரம்தான் காரணம். ட்யூபைக் கொஞ்சம் ஊதித் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்துத் துடையுங்கள். ஈரம் துளியும் இருக்கக்கூடாது. உப்புத்தாளால் ஒட்டுத்துண்டைவிட ஒரு விரல் அகலம் அதிகமாகத் தேய்த்து, பளபளப்பு போய் மங்கிய கறுப்பாக ஆகும்வரை விடாதீர்கள். ட்யூபின் வார்ப்பு வரி குறுக்கே போனால் அதையும் தேய்த்துத் தட்டையாக்குங்கள். காற்று அந்த வரி வழியாகத்தான் வெளியேறும்.

சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். ஈரமாகவே ஒட்டினால் அது பசை மாதிரி வழுக்கும், ஒட்டாது. புறங்கையால் தொட்டால் ஒட்டாமல், மினுமினுப்பு அடங்கியதும் ஒட்டுத்துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்பேனர் பின்பக்கத்தால் அழுத்தித் தேயுங்கள். மேலே கொஞ்சம் டால்கம் பவுடர். கார்த்திகை மாத ஈரத்தில் காய்வதற்குப் பத்து நிமிடம்கூட ஆகும்.

7. ஒட்டின மறுநாளே அதே சக்கரம் மறுபடி பங்க்சர். டயர் மோசமா?

காரணத்தை எடுக்காமல் ஒட்டியிருப்பீர்கள். ட்யூபைக் கழற்றும்போது வால்வுக்கு எதிரே டயரில் ஓர் அடையாளம் வையுங்கள். ஓட்டை எங்கே என்று தெரிந்தால், டயரில் எந்த இடம் என்றும் தெரியும். ஈ.சி.ஆர்., ஓ.எம்.ஆர். ஓரங்களில் அதிகம் குத்துவது லாரி டயரிலிருந்து உதிரும் மெல்லிய எஃகுக் கம்பி. கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்புறத்தைப் பழைய பனியன் துணியால் துடைத்துக்கொண்டே போங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே கம்பி. விரலால் தடவாதீர்கள்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் குழியில் இறங்கி ரிம் நசுக்கியது, காற்றுக் குறைவு. ஓட்டை ட்யூபின் உட்பக்கம், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கம் இருந்தால் ரிம் டேப் நகர்ந்து ஸ்போக்ஸ் ஓட்டை குத்துகிறது. வால்வின் அடியில் கிழிந்தால் ஒட்டிப் பயனில்லை, ட்யூப் மாற்றுங்கள்.

8. செயினுக்கு என்ன எண்ணெய்? தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40, என்ஜின் ஆயில்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மண்ணைச் சேர்த்துப் பிசினாகிவிடும். டபிள்யூடி-40 என்பது 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது, பெயரிலேயே இருக்கிறது: தண்ணீரை விலக்கும் நாற்பதாவது முயற்சி. மழையில் நனைந்த செயினின் ஈரத்தை எடுக்க அது சரி. எடுத்த பிறகு அதற்கு மேல் உண்மையான எண்ணெய் விட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் செயின்தான் ஓடும். தையல் மிஷின் எண்ணெய் நல்லதுதான், மெல்லிசு என்பதால் நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை விட வேண்டியிருக்கும். என்ஜின் ஆயில் கெட்டி, மணல் பிடிக்கும். சைக்கிள் செயினுக்கென்றே விற்கும் எண்ணெய் ஒரு சின்னக் குப்பி மாதக்கணக்கில் வரும். மழைக்காலத்தில் கெட்டி வகை, கத்திரி வெயிலில் உலர் வகை.

முறைதான் முக்கியம். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைப் பிடித்துப் பின்னோக்கிப் பெடலைச் சுற்றுங்கள், துணி கறுப்பது குறையும்வரை. காய்ந்த பின் ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரே ஒரு துளி. ஐந்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதை எல்லாம் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உள்ளே. வெளியே இருப்பது தூசிக்குத் தீனி.

9. செயின் தேஞ்சிருக்கான்னு வீட்டிலயே எப்படிப் பார்க்கிறது?

பள்ளிக்கூட ஸ்கேல் போதும், அங்குலப் பக்கம். செயின் மாட்டிய நிலையில், மேல்பக்கம் கொஞ்சம் இழுவிசை இருக்கும்படி பெடலை அழுத்திப் பிடித்து, ஒரு பின்னின் நடுவை 0-வில் வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக நிற்கும். ஒரு வீசம், அதாவது 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். அரைக்கால், அதாவது 1/8 தள்ளி நின்றால் செயினோடு பின் பல்சக்கரமும் போச்சு.

தகடு நீளாது. பின்னும் உருளையும் தேய்ந்து இடைவெளி விழுகிறது, அதைத்தான் "நீண்டுபோச்சு" என்கிறோம். நீண்ட செயின் பல்லின் வடிவத்தையே மாற்றிவிடும். அதன் பிறகு புதுச் செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது "டக்" என்று தாண்டும். 11, 12 பல்சக்கர சைக்கிள்களில் அரை சதவீத நீட்டத்திலேயே மாற்றுவது நல்லது. 8, 9 வகைகள் முக்கால் வரை தாங்கும்.

10. பின்னாடி பல்சக்கரம் மாத்தணும். கேசட்டா, ஃப்ரீவீலா, எதுன்னு தெரியல.

சக்கரத்தைக் கழற்றிப் பெடலுக்கு எதிர்த்திசையில் பல்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் கருவி பொருந்தும் பல்வட்டமும் சேர்ந்து சுற்றினால் கேசட். அது அசையாமல் பல்சக்கரம் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல், முழுதும் மரையில் ஏறியிருப்பது. 7 கியர் வரை விலை குறைந்த சைக்கிள்களில் ஃப்ரீவீல்தான். இதில் அச்சின் வலதுபக்கம் தாங்கலின்றி நீண்டிருப்பதால் கனமான ஆள் ஓட்டினால் அச்சு வளையும். அதிக தூரம் ஓட்டப்போகிறவர் வாங்கும்போதே கேசட் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) இருக்கிறதா என்று கேளுங்கள். இது தெரிந்த பிறகுதான் செயின் அகலம்: 8-க்கு 7.1 மி.மீ., 9-க்கு 6.6. ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது.

11. கியர் சரியா விழ மாட்டேங்குது, நடுவுல தாண்டுது. எதைத் திருகணும்?

முதலில் கீழே விழுந்ததா என்று யோசியுங்கள். விழுந்திருந்தால் திருகாதீர்கள். பின்னால் நின்று பாருங்கள்: டிரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச் சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. ஹேங்கர் என்பது ஃபிரேம் உடையாமல் தான் வளைவதற்காகவே வைத்த துண்டு. ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் வேறு, எனவே உங்கள் சைக்கிளுக்கானதை ஒன்று கூடுதலாக வாங்கிவைத்திருங்கள்.

ஹேங்கர் நேராக இருந்தால் கேபிள். மழைக்குப் பிறகு உறைக்குள் துரு பிடித்துக் கேபிள் இறுகும்; கேபிளும் உறையும் சேர்த்து மாற்றினால் பாதி நோய் போய்விடும். அதன் பிறகே டிரெய்லர் பின்னால் இருக்கும் திருகு உருளை: பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் இடப்பக்கம் கால் சுற்று, சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கம் கால் சுற்று. எச், எல் என்று குறியிட்ட இரண்டு திருகுகளும் கியரைச் சரிசெய்வதற்கல்ல. செயின் இரு ஓரங்களிலும் வெளியே விழாமல் தடுக்கும் வேலி. அதைத் தொட்டு எல் திருகைத் தவறாகத் தளர்த்தினால் டிரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போகும், அதோடு சக்கரமும் டிரெய்லரும் காலி.

12. டிஸ்க் பிரேக் வாங்கினா பரவாயில்லையா, இல்ல பழைய ரப்பர் கட்டையே போதுமா?

வரிசைப்படுத்தினால் நல்ல ஹைட்ராலிக் டிஸ்க் முதலில், சாதாரண வி-பிரேக் (ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிப்பது) அடுத்து, மலிவான கேபிள் டிஸ்க் கடைசி. கடைக்காரர்கள் மூன்றாவதைத்தான் அதிகம் விற்கிறார்கள், பார்ப்பதற்கு நவீனமாக இருக்கிறதே! மலிவான கேபிள் டிஸ்க்கில் கேபிள் வெளிக்கட்டையை மட்டும் தள்ளும். அது தகட்டை வளைத்து உள்கட்டையில் முட்டவைக்கும். உள்கட்டை தேயத் தேய அதைக் கையால் ஆலன் கீ வைத்து முன்னே கொண்டுவர வேண்டும். யாரும் கொண்டுவருவதில்லை, பிறகு "டிஸ்க் பிடிக்கலை" என்கிறார்கள்.

வி-பிரேக் கட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும், பத்து நிமிட வேலை. மழையில் ரிம் நனைந்திருக்கும்போது முதல் ஒன்றிரண்டு சுற்று பிடிக்காது, அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே அழுத்துங்கள். ஹைட்ராலிக் என்றால் ஷிமானோ வகைக்கு மினரல் ஆயில், சில வகைகளுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் வீங்கிப் பிரேக்கே போய்விடும். லீவர் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஷிமானோ தகடு புதிதில் 1.8 மி.மீ., 1.5-க்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். கட்டையில் அரை மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் அதுவும்.

13. பிரேக் பிடிச்சா தெருவே திரும்பிப் பார்க்குது. கத்தல் நிக்கணும்.

டிஸ்க் என்றால் எண்ணெய் பட்டிருக்கும். செயினுக்கு ஸ்பிரே அடித்தபோது பறந்ததுதான் வழக்கமான காரணம். தகட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, கட்டையை உப்புத்தாளில் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிய கட்டை திரும்ப வராது, மாற்றிவிடுங்கள். புதுக்கட்டை போட்டதும் ஆளில்லாத தெருவில் வேகமெடுத்து, நின்றுவிடாமல் இருபது முறை மெதுவாகப் பிடித்துப் பழக்குங்கள். வி-பிரேக் என்றால் கட்டையின் முன்முனை ரிம்மை ஒரு மில்லிமீட்டர் முன்னதாகத் தொடும்படி சாய்த்து இறுக்குங்கள்.

14. மிதிக்கும்போது "கிரீச் கிரீச்". கடையில பிபி மாத்தணும்னு சொல்றாங்க.

பிபி என்பது இரண்டு பெடல் கைகளையும் இணைக்கும் நடு அச்சும் அதன் பேரிங்கும். அதை மாற்றுவதற்கு முன் எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் அது சீட் தண்டு அல்லது சீட் கம்பி. நின்று மிதித்தாலும் வந்தால் பெடல், கிராங்க் (பெடல் மாட்டும் கை) போல்ட், முன் பல்சக்கர போல்ட் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிரீஸ் பூசிச் சரியான இறுக்கத்தில் போடுங்கள். கைவிட்டு ஆடும் கிராங்க்தான் பிபி போய்விட்டதற்கு அத்தாட்சி. கிராங்க்கைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து ஆடினால்தான் பிபி. ஒரு பக்கம் மட்டும் ஆடினால் போல்ட் தளர்வு.

பிபி மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பெரும்பாலான சைக்கிள்களில் அதன் மரைக்குப் பெயரே பி.எஸ்.ஏ.தான். அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸால் நம் ஊரில் பழகிய அதே பெயர். பர்மிங்காம் ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. இதில் செயின் பக்கம் இடது மரை. அது தெரியாமல் எதிர்த்திசையில் ஸ்பேனரில் நீண்ட குழாய் மாட்டி இறுக்கிக்கொண்டே போனவர்கள் ஃபிரேமையே இழந்திருக்கிறார்கள்.

15. பெடல் கழட்டவே வரல. எந்தப் பக்கம் திருகறது?

வலது பெடல் சாதாரண மரை, இடது பெடல் எதிர் மரை. மிதிக்கும்போது உருளும் விசை இடது பெடலைத் தளர்த்தாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். மனப்பாடம் செய்ய ஒன்று: 15 மி.மீ. ஸ்பேனரைப் பெடலில் மாட்டி மேல்நோக்கி நிறுத்துங்கள். எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரின் மேல்முனையைப் பின் சக்கரத்தை நோக்கி இழுத்தால் கழலும். இறுகியிருந்தால் முந்தைய நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டுவையுங்கள். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் பூசி, முதல் நாலு சுற்றைக் கையால் மட்டும்.

16. பின்சக்கரத்துல ஸ்போக்ஸ் கம்பி மாசத்துக்கு ஒண்ணு உடையுது. ஏன்?

வளைந்திருக்கும் கழுத்தில்தான் உடையும், பெரும்பாலும் செயின் பக்கம். தளர்ந்த கம்பிதான் உடையும், இறுகியது அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து இறுகித் தளர்ந்து கம்பி அலுத்துப்போகிறது. கோட்டம் எடுக்கச் சொன்னால் சிலர் ஒரு பக்கத்தைத் தளர்த்தியே நேராக்குவார்கள். அன்றைக்கு நேராக இருக்கும், அடுத்த மாதம் மறுபடி. இரண்டு கம்பிகளை விரலால் சேர்த்து அழுத்திப் பாருங்கள். செயின் பக்கம் எல்லாமே ஏறக்குறைய ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். மூன்று உடைந்தால் அந்தப் பக்கம் முழுக்க மாற்றிவிடுங்கள். துருப்பிடிக்காத எஃகு, 2 மி.மீ.

17. பெசன்ட் நகர்ல பால்கனியில வைக்கறேன். புதுசு ஒரே வருஷத்துல துரு. கவர் போட்டா போதுமா?

கவர்தான் காரணமாக இருக்கலாம். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கி, உப்போடு சேர்ந்து அரித்துவிடும். துணியோ, காற்று போகும் உறையோ போடுங்கள், அல்லது உள்ளே கொண்டுவாருங்கள். கடற்கரைப் பக்கம் வசிப்பவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் ஈரத்துணி வைத்து ஸ்போக்ஸ் நிப்பிள், போல்ட் தலைகள், கேபிள் முனைகளைத் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியை ஓட்டிவிடுங்கள். ரிம், டிஸ்க் தகடு பக்கம் எண்ணெய் வேண்டாம்.

மறந்துபோகும் இடம் சீட் தண்டு. அலுமினியத் தண்டும் இரும்பு ஃபிரேமும் உப்பு ஈரத்தில் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு வருடத்தில் எந்தக் கையாலும் கழற்ற முடியாமல் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கிரீஸ். இவ்வளவு எளிய வேலைக்கு இவ்வளவு ஃபிரேம்கள் பலியாவது வேதனை.

18. மழைத் தண்ணீர் பார்க்கிங்ல புகுந்து சைக்கிள் மூழ்கிடுச்சு. ஓட்டலாமா?

உடனே ஓட்டாதீர்கள். முதலில் சீட் தண்டைக் கழற்றிச் சைக்கிளைத் தலைகீழாக்கி ஃபிரேமுக்குள் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவுங்கள், பிரஷர் பைப்பால் அல்ல. ஹப், ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்), பிபி மூன்றிலும் கிரீஸ் கெட்டிருக்கும். ஒரு வாரத்துக்குள் பால்ரஸ் குண்டுகளை வெளியே எடுத்துத் துடைத்துப் புதுக் கிரீஸ் போடாவிட்டால் குழி விழுந்துவிடும். சீல் செய்த பேரிங் என்றால் மாற்றுவதே மலிவு. கேபிள் உறைகளும் போகட்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து, பொங்கல் லீவில் வருடாந்திர ஓவராயில் செய்துகொள்ளும் வழக்கம் இருந்தால் மற்ற வருடங்களில் இந்தத் தலைவலி குறையும்.

19. வீட்டில என்ன டூல்ஸ் இருக்கணும்?

2 முதல் 8 வரை ஆலன் கீ, டி25 நட்சத்திரக் கீ, 15 மி.மீ. பெடல் ஸ்பேனர், இரண்டு பிளாஸ்டிக் டயர் லீவர், செயின் பிரிக்கும் கருவி, நிற்கும் பம்ப், கிரீஸ் டப்பா. ஹேண்டில் போல்ட் சுமார் 5 நியூட்டன் மீட்டர், கேசட் வளையம் 40 என்று அளந்து இறுக்க டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. கார்பன் பாகம் இருந்தால் கட்டாயம்.

20. ஆறு மாசத்துல ஜெர்மனிக்கு வேலை மாத்திப் போறேன். சைக்கிளை எடுத்துட்டுப் போகலாமா, இல்ல அங்கயே வாங்கலாமா?

உடம்புக்கு அளந்து அமைத்த, நல்ல சக்கரம் போட்ட ரோடு சைக்கிள் என்றால் எடுத்துப்போங்கள். விலை குறைந்த ஹைப்ரிட் என்றால் வேண்டாம். விமானக் கட்டணத்துக்கே அங்கே பழைய சைக்கிள் ஒன்று வரும். அங்கே பார்ட்ஸ் தாராளமாகக் கிடைக்கும், சிலது இங்கைவிட மலிவு. கிடைக்காதது தெருமுனைக் கடை அண்ணன். சின்ன வேலைக்கும் முன்பதிவு, கூலி பொருளின் விலையைத் தாண்டும். அதனால் 6, 8, 9, 11 ஆகிய நான்கு பதில்களில் உள்ள வேலைகளையும், பிரேக் கட்டை மாற்றுவதையும் கிளம்பும் முன் கையால் இரண்டிரண்டு தடவை செய்து பழகுங்கள். எடுத்துப்போக வேண்டிய பெரிய சாமான் அதுதான்.

ஜெர்மனியில் முன் வெள்ளை விளக்கு, பின் சிவப்பு விளக்கு, பிரதிபலிப்பான்கள், மணி எல்லாம் கட்டாயம். டைனமோ இல்லாமல் பேட்டரி விளக்கு 2013 முதல் செல்லும், ஆனால் அங்கீகார எண் உள்ளதாக இருக்க வேண்டும். இங்கே வாங்கிய மினுமினுக்கும் விளக்கு அங்கே செல்லாது. எனவே விளக்கை மட்டும் அங்கே வாங்குங்கள்.

21. விமானத்துக்கு எப்படிக் கட்டறது?

சைக்கிள் கடையில் புதுச் சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். பெடல் (15-ம் கேள்வி), சீட் தண்டு, ஹேண்டில், முன் சக்கரம் கழலும். சீட் உயரத்தைத் தண்டில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பின் டிரெய்லரை ஹேங்கரிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி ஃபிரேமுக்குள் கட்டுங்கள். பெட்டியை வீசும்போது முதலில் வளைவது அதுதான். ஃபோர்க் முனைகளுக்கிடையில் பிளாஸ்டிக் தாங்கி, ஹைட்ராலிக் பிரேக் கட்டைகளுக்கிடையில் அட்டைத் துண்டு. தாங்கி இல்லாவிட்டால் ஃபோர்க் நசுங்கும், அட்டை இல்லாவிட்டால் லீவர் தவறி அமுங்கிப் பிஸ்டன் வெளியே வந்துவிடும். டிஸ்க் தகடுகளைக் கழற்றித் தனியாகத் தட்டையாக வையுங்கள்.

டயர் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். பெரும்பாலும் 23 கிலோ வரம்பு. பெட்டியோடு எடை போட்டுப் பாருங்கள். கருவிகள் எல்லாம் பெட்டியில், கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். ஸ்பிரே எண்ணெய், சி.ஓ.2 குப்பி வேண்டாம். விளக்கு, ஜி.பி.எஸ். கருவியின் உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில். மின்சார சைக்கிள் பேட்டரி 160 வாட்-அவரைத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் ஏறவே முடியாது.

22. ஆஸ்திரேலியாவில கஸ்டம்ஸ்ல சைக்கிளைப் பிடிக்கறாங்களாமே?

மண்ணுக்குத்தான். டயர் இடுக்கிலும் மட்கார்டு அடியிலும் ஒட்டிய மண், விதை எல்லாம் அவர்களுடைய உயிரியல் பாதுகாப்பு விதியில் வருகிறது. பல் துலக்கும் பிரஷ் வைத்து டயரையும், பெடல் அடியையும் துடைத்து, படிவத்தில் "ஆம்" என்று குறித்துவிடுங்கள். மறைத்தால்தான் சிக்கல். அங்கே தலைக்கவசமும் கட்டாயம்.

23. வேற நாட்டுல பிரேக் லீவர் மாறி இருக்குமா?

இருக்கும். இந்தியா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் வலக்கை லீவர் வழக்கமாக முன் பிரேக். அமெரிக்காவிலும் ஐரோப்பியக் கண்டத்து நாடுகளிலும் இடக்கை முன் பிரேக். அங்கே வாடகைக்கு எடுத்து அவசரத்தில் இடக்கையை இறுக்கினால் முன்னால் கவிழ வாய்ப்பு உண்டு. வெறும் ரோட்டில் இரண்டு லீவரையும் சோதித்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள். நெதர்லாந்தில் பல சைக்கிள்களில் லீவரே இருக்காது, பெடலைப் பின்னோக்கி மிதிப்பதே பிரேக். அங்கே 2019 ஜூலை 1 முதல் ஓட்டும்போது போனைக் கையில் பிடித்தாலும் அபராதம். சிங்கப்பூரில் ரோட்டில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம்.

24. பனிக்காலத்துல ஓட்ட முடியுமா? இல்ல ஆறு மாசம் சும்மா நிக்குமா?

ஓட்டலாம். குளிரைவிட இருட்டுதான் பெரிய பிரச்சினை. டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறையும். பனியை உருக்க ரோட்டில் உப்புப் போடுவார்கள். பெசன்ட் நகர்க்காரருக்கு இது புதிதல்ல. 17-ம் பதில் அப்படியே பொருந்தும், வாரம் ஒருமுறை என்பதை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு என்று மாற்றிக்கொள்ளுங்கள். செயினுக்கு மழைக்கால எண்ணெய். நல்ல ரோடு சைக்கிளைக் குளிர்காலம் முழுக்க உள்ளே வைத்துவிட்டு, மட்கார்டு உள்ள பழையது ஒன்றை ஓட்டுபவர்களே அதிகம்.

25. சைக்கிளை அம்மா வீட்டுல விட்டுட்டுப் போறேன். திரும்பி வரும்போது ஓடணும்.

கழுவிக் காயவைத்து, செயினில் வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் விட்டுத் துடைக்காமல் விடுங்கள். சீட் தண்டு, பெடல் மரை, போல்ட் எல்லாவற்றிலும் கிரீஸ். விளக்கிலிருந்து பேட்டரியை எடுத்துவிடுங்கள், கசிந்து தொடர்புகளைத் தின்றுவிடும். கியரைச் சின்னப் பல்லில் விடுங்கள், கேபிள் தளர்ந்திருக்கட்டும். சக்கரம் தரையைத் தொடாமல் கொக்கியில் தொங்கவிடுவது நல்லது. முடியாவிட்டால் காற்றைப் பாதியாக வைத்து, மாதத்துக்கு ஒருமுறை காற்றைப் பார்த்து, சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி வைக்கும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரே இடத்தில் நின்றால் டயர் அங்கே தட்டையாகி விரிசல் விடும்.

ட்யூப் இல்லாத டயரில் ஊற்றிய சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) சில மாதங்களில் காய்ந்து ரப்பர் துண்டாகிவிடும், அதைத் துடைத்து எடுத்துவிட்டே கிளம்புங்கள். சன்னல் வெயில் படாத இடம். சமையலறை ஜன்னலுக்கு அருகில் வேண்டாம், தாளிப்பு எண்ணெய்ப் புகை டிஸ்க் தகட்டில் படிந்துவிடும், பிறகு 13-ம் கேள்விக்கு வர வேண்டியிருக்கும்.